கழன்று வந்த சுருள்

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று மாலை தொழிற்பயிற்சி வகுப்பில் ஒரு தவறு செய்தேன். சின்னத் தவறுதான். சுருளை ஓட்டைக்குள் இறக்கிவிட்டு அதன் வாலை உடைக்க மறந்துவிட்டேன். மறந்ததோடு நிற்காமல் "முடிச்சிட்டேன் டீச்சர்" என்று கையையும் தூக்கினேன்.

முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் எனக்கு மண்டையில் ஏறும். அலுமினியத்தில் வெட்டிய மரை, அதாவது போல்ட் பிடிக்கும் திருகு வரிகள், சீக்கிரம் கெடும். போல்ட்டை ஓர் இழுப்பு கூடுதலாக முறுக்கினால் போதும், மரை மொத்தமும் பிய்ந்துவிடும். அப்படிப் போன ஓட்டையைச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, உள்ளே புதிய மரை வெட்டி, எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றை அதில் முறுக்கி இறக்க வேண்டும். பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி இருக்கும். இன்ஸெர்ட் என்கிறார்கள். அதன் உள்பக்கம் பழைய போல்ட்டுக்கு ஏற்ற மரையாகிவிடும், முன்பைவிடப் பலமாகவும் இருக்கும். சுருளின் அடியில் குறுக்கே ஒரு சின்ன வால் உண்டு. கருவி அதைப் பிடித்துத்தான் சுருளை உள்ளே கொண்டுபோகிறது. இறங்கி முடிந்ததும் வாலைத் தட்டி உடைத்து, துண்டை வெளியே எடுத்துவிட வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. டீச்சர் போல்ட்டை விட்டுப் பார்த்தபோது அது பாதியில் முட்டி நின்றது.

பக்கத்து மேஜையில் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர் இருக்கிறார். வகுப்பிலேயே வயதில் பெரியவர், வாயிலும். "என்னம்மா, உன் ஓட்டைக்குள்ள யாரோ கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்காங்க போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காது மட்டும் சுட்டது.

வீட்டில் அண்ணனிடம் சொன்னபோது அவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தான். என்னை அவன் 'படிப்ஸ்' என்றுதான் கூப்பிடுவான்.

"இவ்வளவு வருஷமா நான் ஒரு மரையையும் பிச்சதில்ல. அதுக்குப் போய் ஒரு படிப்பா படிப்ஸ்?"

"உங்க தங்கச்சிக்காவது மரை மாட்டத் தெரியும். உங்களுக்குத்தான் பாதி மரை கழண்டு கிடக்கு" என்றாள் அண்ணி.

"கழண்டதாலதான் உன்னைக் கட்டினேன்" என்றான் அண்ணன். அண்ணி ஈரத் துணியை அவன் மேல் எறிந்தாள்.

பிப்ரவரி 14, சனி

இன்று பட்டறையில் என் முதல் இன்ஸெர்ட். இதை நிதானமாக எழுத வேண்டும்.

அண்ணன் வேலை பார்க்கும் வண்டிப் பட்டறையில்தான் நானும் இருக்கிறேன். அவன் தலைமை மெக்கானிக், நான் உதிரிபாகக் கவுன்டரில். என்னை இங்கே சேர்த்துவிட்டதும் அவன்தான். பட்டறையில் அவனுக்குப் பெயர் 'மீட்டர்'. போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு டார்க் ரெஞ்ச் என்று ஒரு கருவி உண்டு. அளவை வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லிவிடும். எங்கள் பட்டறையில் அது பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. அண்ணன் அதை எடுத்து நான் பார்த்ததே இல்லை. மணிக்கட்டு போதும் அவனுக்கு. ஒருமுறை முதலாளி, அவன் இறுக்கிய போல்ட்டுகளைக் கருவி வைத்துச் சோதித்துப் பார்த்தாராம். அத்தனையும் சரியாக இருந்தனவாம். அன்றிலிருந்து அந்தப் பெயர்.

காலையில் பள்ளிக்கூட வேன் ஒன்றில் தண்ணீர் பம்ப் மூடியை மாட்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்திவிட்டான். கவுன்டருக்கு வந்து மெல்லிய குரலில், "ஒரு மரை போயிடுச்சு" என்றான்.

"நீயா பிச்ச?"

"பழைய அலுமினியம். வெண்ணெய் மாதிரி இருக்கு."

முதலாளி மூடியையும் பம்ப் உடம்பையும் வெளியே கடைசல் பட்டறைக்கு அனுப்பலாம் என்றார். "எதுக்கு சார்? நம்ம படிப்ஸ் போடுவா" என்றான் அண்ணன். முதலாளி நெற்றியைச் சுருக்கினார். "அவ கைக்கு நான் பொறுப்பு சார்" என்றான்.

இன்ஸெர்ட் போடும் கருவிகள் அடங்கிய கிட் ஒன்று வாங்கி வந்தார்கள். டிரில் நேராக இறங்குகிறதா என்று இரண்டு பக்கமும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். மரை வெட்டும் டேப்பில் கிரீஸ் தடவினேன், தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். கால் சுற்று வெட்டினால் கொஞ்சம் பின்னால் திருப்ப வேண்டும், திருப்பினேன். சுருளை மேல்மட்டத்துக்குக் கீழே கால் சுற்று இறங்கும்வரை விட்டேன். வாலை உடைத்தேன். துண்டை வெளியே எடுத்து, தொலைந்துவிடாதபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். போல்ட்டை அண்ணன்தான் இறுக்கினான்.

"பாத்தீங்களா சார்" என்றான் முதலாளியிடம். அவனே போட்டிருந்தால்கூட அத்தனை பெருமையாகச் சொல்லியிருக்க மாட்டான்.

பிப்ரவரி 27, வெள்ளி

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது, அது சரியா என்றும் தெரியவில்லை.

கிட் வந்த பிறகு மரை போன ஓட்டைகள் வந்தபடி இருக்கின்றன. ஒரு வண்டியில் வால்வு மூடி, இன்னொன்றில் டைனமோ பிடிப்பு, பிறகு தெர்மோஸ்டாட் மூடி. எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிடுகிறார்கள். கவுன்டரில் உட்கார்ந்து ஃபில்டர் எடுத்துக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

"கிட் வாங்கின நேரம் பாத்து எல்லா மரையும் செத்துப்போகுது. டாக்டர் வந்ததும் வியாதி வந்த கதையா இருக்கே" என்றார் பெயிண்டர். பட்டறையின் பின்பக்கம் வண்டிகளுக்கு வர்ணம் அடிப்பவர் அவர்.

"உன் பெயிண்ட் காயறதுக்குள்ள இது முடிஞ்சிடும். போய் வேலையப் பாரு" என்றான் அண்ணன். வழக்கமாக அவன் அத்தனை வேகமாகப் பதில் சொல்ல மாட்டான், கொஞ்சம் விட்டுப்பிடிப்பான். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

பள்ளிக்கூட வேன் திரும்பி வந்துவிட்டது. அடியில் தண்ணீர் ஒழுகுகிறது. வண்டி ஏற்றத்தில் நின்றுபோய், பிள்ளைகளை இறக்கி நடக்க வைத்தேன் என்று வேன்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பம்ப் மூடியின் போல்ட்டைக் கழற்றினேன். போல்ட்டோடு சேர்ந்து என் சுருளும் வந்தது. முதல் முதலாகப் போட்ட அதே சுருள். போல்ட்டின் கழுத்தைச் சுற்றி, இழுத்துவிட்ட ஸ்பிரிங் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி சத்தம் போடும் மனிதர் இல்லை. அதனால் அவர் மெதுவாகச் சொன்னது இன்னும் அதிகமாக உறைத்தது. "கிளாஸ்ல செய்றது வேற, வேலை வேற. தப்பு என் மேலதான், உன்னை விட்டிருக்கக் கூடாது. இனிமே கிட்டைத் தொடாத. கவுன்டரைப் பாத்துக்க."

அண்ணன் அங்கேயே நின்றிருந்தான். கைத்துணியால் ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அந்த ஸ்பேனரில் அழுக்கு எதுவும் இல்லை. நான் அவனைப் பார்த்தேன். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஜன்னலை நான் உடைத்தபோதுகூட "நான்தான் உடைச்சேன்" என்று போய் நின்றவன். இன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் என்ன பேசுவான், தப்பு என்னுடையதுதானே என்று நினைத்துக்கொண்டேன். டேப் கோணலாகப் போயிருக்கலாம். துளை பெரிதாகியிருக்கலாம். ஒவ்வொரு படியையும் மனதுக்குள் திரும்பச் செய்து பார்த்தேன். எங்கே என்று தெரியவில்லை.

சுருளையும் போல்ட்டையும் வகுப்புக்கு எடுத்துப் போனேன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுருளின் வெளிப்பக்க இடுக்குகளில் அலுமினியம் அப்படியே வளையம் வளையமாக ஒட்டியிருந்தது.

"மரை சரியா வெட்டியிருக்க. இல்லன்னா சுருள் சுத்தமா கழண்டு வந்திருக்கும். இது உலோகத்தையே பிச்சுக்கிட்டு வந்திருக்கு" என்றார். பிறகு ஒரு புது நட்டை எடுத்து அந்தப் போல்ட்டில் விரலால் ஓட்டினார். நட்டு வழுக்கிக்கொண்டு போய் நடுவில் நின்றுவிட்டது. அதற்கு மேல் நகரவில்லை.

"பாரு, போல்ட்டே நீண்டிருக்கு. அளவுக்கு மேல ரொம்ப ரொம்ப முறுக்கியிருக்காங்க. போட்டவங்க தப்பு இல்ல இது. இறுக்கினது யாரு, பழக்கமில்லாத ஆளா?"

"இல்ல டீச்சர்" என்றேன்.

"அடேங்கப்பா, யாருன்னு சொல்லு, எங்க லிஃப்டைக் கையால தூக்க ஆள் வேணும்" என்றார் லிஃப்ட்காரர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

தப்பு என்னுடையது இல்லை என்று தெரிந்ததும் முதலில் மூச்சு வந்தது. பேருந்து நிறுத்தம்வரை அந்த நிம்மதி இருந்தது. இருக்கையில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. இதுவரை நான் சுருள் போட்ட ஓட்டைகள் எல்லாம் அண்ணன் கைபட்ட வண்டிகளில்தான். வேறு யாருடைய வண்டியிலும் ஒரு மரைகூடப் போகவில்லை.

மார்ச் 6, வெள்ளி

வேவு பார்ப்பது போல இருக்கிறது. இருந்தாலும் பார்க்கிறேன்.

அண்ணன் டீ கிளாஸை இடது கையில் வாங்குகிறான். சட்டையின் கழுத்துப் பித்தானை அண்ணிதான் போட்டுவிடுகிறாள். கொஞ்சுகிறார்கள் என்று இத்தனை நாள் நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். வலது கை ஆள்காட்டி விரலில் தீக்காயம். எப்படி என்று கேட்டேன். "சைலன்சர்" என்றான். "சுட்டதும் கையை எடுக்க மாட்டாரா, அவ்வளவு யோசனை வண்டி மேல" என்று அண்ணி அலுத்துக்கொண்டாள். சுட்டது அவனுக்குத் தெரிந்தே இருக்காது என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

நான் பட்டறையில் சேர்ந்த புதிதில் எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. போல்ட் டப்பாவைக் கவுன்டருக்கு அடியில் பிடித்துக்கொள்வேன். அவன் பார்க்காமல் கையை விட்டு ஒன்றை எடுத்து, விரலை ஒருமுறை ஓட்டி, அளவையும் மரை நெருக்கத்தையும் சொல்வான். தவறியதில்லை. இன்று மதியம் முதலாளி வெளியே போயிருந்தபோது டப்பாவை எடுத்து நீட்டினேன்.

"சொல்லு பாப்போம் மீட்டரு."

"வேலை கெடக்கு, போ."

"பயமா?"

பெயிண்டர் எட்டிப் பார்த்தார். அதனால் அவன் கையை விட்டான். வெகுநேரம் துழாவினான். ஒரு போல்ட்டைப் பிடித்து, "எட்டு, சாதா மரை" என்றான். கையை வெளியே எடுத்தபோது அவன் விரல்களுக்கு இடையில் எதுவும் இல்லை. போல்ட் எப்போதோ நழுவிவிட்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"மேஜிக்கு! எங்க போச்சு?" என்றார் பெயிண்டர்.

அண்ணன் சிரித்தான். நான் டப்பாவை மூடினேன். ஏன்தான் அதை நீட்டினேனோ.

மார்ச் 9, திங்கள்

பேசிவிட்டோம். நினைவில் இருக்கும்போதே எழுதுகிறேன்.

வேலை முடிந்து வந்ததும் அண்ணன் என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டான். அண்ணி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். படியில் உட்கார்ந்தவன் நேராக விஷயத்துக்கு வந்தான்.

"உங்க கிளாஸ்ல பெரிய சைஸ் இன்ஸெர்ட் எடுக்குற கருவி இருக்குமா? பன்னிரண்டு?"

"எதுக்கு?"

"அந்த ஸ்கூல் வேன். பிரேக் வேலைக்கு மறுபடி வந்திருக்கு. வலது முன்சக்கரத்துல பிரேக் பிராக்கெட் போல்ட். அந்த ஓட்டைல ஏற்கெனவே ஒரு இன்ஸெர்ட் இருக்கு, எப்பவோ யாரோ போட்டது. போல்ட்டைக் கையால ஏத்தும்போது கோணலா ஏறிடுச்சு. எனக்குத் தெரியல. ஸ்பேனர் போட்டு இழுத்துட்டேன். மேல் சுத்து ரெண்டு மடங்கிக் குறுக்க விழுந்திடுச்சு."

"இப்ப எப்படி நிக்குது?"

"நீளமான போல்ட் போட்டு, அடியில மிச்சம் இருக்குற சுத்துல பிடிக்க வெச்சிருக்கேன்."

"பிரேக்கையா?"

அவன் படியிலிருந்த தூசியைக் காலால் தள்ளினான்.

"அண்ணா, கைல என்ன?"

தெரு விளக்கு எரிய ஆரம்பித்தது. அவன் வலது கையை மடியில் வைத்து, அது வேறு யாருடையதோ என்பது போல இடது கையால் பிடித்துக்கொண்டான்.

"போன மழைக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. மரத்துப்போகும், அப்புறம் சரியாகிடும். இப்ப சரியாகறதே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனேன். கழுத்துல நரம்பு நசுங்கியிருக்காம். ஆபரேஷன் பண்ணா இதுக்கு மேல போகாம நிறுத்தலாம். போனது திரும்புமான்னு அவங்களே உறுதியா சொல்லல."

"அண்ணிக்கு?"

"தெரியாது."

"அன்னைக்கு முதலாளி என்னைச் சொன்னப்போ உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

அவன் வேறு ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். சொன்னால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் மறந்திருப்பேன். அவன் சொன்னது இதுதான்: "உன் பேரு கெட்டா திரும்ப வரும். நீ சின்னவ, கத்துக்கிட்டிருக்க. நான் மீட்டருடி. கை போச்சுன்னா அந்தப் பட்டறைல நான் யாரு?"

பிறகு, "காலைல எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி நீயும் நானும் போய்ப் போட்டுடலாம். யாருக்கும் தெரிய வேணாம்" என்றான்.

எடுக்கும் கருவி வகுப்பு அலமாரியில் இருக்கிறது. வகுப்பு நாளை மாலைதான். காலையில் வேன்காரர் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றப் போய்விடுவார். இதை அவனிடம் சொன்னேன்.

"ஒரு நாள் தாங்கும்."

"தாங்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? எந்தக் கையால பாத்த?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவன் முகம் அறை வாங்கியது போல ஆனது.

"முதலாளிகிட்ட சொல்லிடு அண்ணா. நீ சொல்லிட்டா நான் அந்த இன்ஸெர்ட்டைப் போடறேன், எத்தனை வேணும்னாலும் போடறேன். சொல்லாம செய்ய மாட்டேன்."

"உன்னை அந்த வேலைல சேத்துவிட்டது யாரு?"

"நீதான்."

"ஞாபகம் இருந்தா சரி" என்று எழுந்து உள்ளே போனான். மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் செய்வது சரியா? அண்ணன் இடத்தில் வேறு ஒருவர் இருந்தால் இப்படித் தயங்குவேனா என்று கேட்டுப் பார்த்தேன். மாட்டேன். காலையில் முதலாளி ஷட்டர் திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும். வேன்காரருக்கு முன்னால்.

மார்ச் 10, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை.

காலையில் அண்ணன் குளியலறையில் இருந்தபோதே கிளம்பிவிட்டேன். அண்ணி, "அண்ணன் உன்கிட்ட ஏதோ பேசணும்னாரும்மா, சேந்து போங்களேன்" என்றாள். நேற்றுச் சண்டையின் மிச்சம் என்று நினைத்து, "பட்டறைல பாத்துக்கறேன் அண்ணி" என்று செருப்பை மாட்டினேன்.

முதலாளி ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார். நான் குனிந்து உள்ளே போனேன். மூச்சு வாங்கியது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"சார், ஸ்கூல் வேனை வெளிய விடாதீங்க."

"ஏன்?"

"வலது முன்பக்கம் பிரேக் பிராக்கெட். மரை பிடிக்கல. பேருக்குத்தான் போல்ட் நிக்குது."

"அது மீட்டர் பாத்த வண்டியாச்சே."

"அண்ணன் கைல உணர்ச்சி இல்ல சார். ரொம்ப நாளா இல்ல. அந்தத் தண்ணி பம்பும் அதனாலதான்."

முதலாளியின் பார்வை என்னைத் தாண்டிப் போனது. திரும்பினேன். ஷட்டருக்கு அடியில் குனிந்து அண்ணன் உள்ளே வந்துகொண்டிருந்தான். ஓடி வந்திருக்கிறான், தலை ஈரம்கூடக் காயவில்லை. கடைசி வாக்கியத்தைக் கேட்டுவிட்டான்.

"என்னப்பா இது? நிஜமா?"

"ஆமா சார். அவ சொல்றது நிஜம்."

"என்கிட்ட நீ சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் சார்..." என்று தொடங்கியவன் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிறகு, "சொல்லல சார்" என்றான்.

முதலாளி வேனுக்கு அடியில் விளக்கு வைத்துப் பார்த்தார். அந்தப் போல்ட் அவர் விரலுக்கே ஆடியது. எழுந்தவர் வெகுநேரம் கையைத் துடைத்தார். வேன்காரருக்குப் போன் செய்து, வேறு வண்டி ஏற்பாடு செய்து கொடுத்தார். அண்ணனிடம், "முதல்ல வைத்தியத்தைப் பாரு. மத்ததை அப்புறம் பேசலாம். இப்ப வீட்டுக்குப் போ" என்றார். கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. நோயாளியிடம் பேசுவது போல மிக மென்மையாகச் சொன்னார். அண்ணன் வேலைச் சட்டையை எடுக்கவில்லை, பெட்டியைத் திறக்கவில்லை. வந்தபடியே குனிந்து வெளியே போனான்.

பெயிண்டர் வந்தார். விஷயம் கேட்டார். இன்று முழுக்க ஒரு நக்கல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை.

மதியம் முதலாளி கிட்டைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தார். "அன்னைக்கு உன்னைத் திட்டினேன். நீயும் வாயைத் திறக்கலையே" என்றார். தலையை ஆட்டினேன். பெரிய சைஸ் எடுக்கும் கருவி வேண்டும் என்று அவர் கேட்டதால், கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி டீச்சரிடம் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அண்ணி வாசலுக்கு வந்தாள். அழுது முடித்த முகம்.

"நான்தான் சொன்னேன்ல, சேந்து போங்கன்னு."

"அண்ணி, அந்த வேன்ல பிள்ளைங்க..."

"தெரியும். எல்லாத்தையும் சொன்னாரு. நேத்து நீ தூங்கப் போனதும் என்கிட்ட கையைக் காட்டினாரு. ரெண்டு பேரும் அழுதோம். காலைல எந்திரிச்சதும், வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி நானே போய் முதலாளிகிட்ட சொல்லிடறேன், தங்கச்சி மேல தப்பு இல்லன்னும் சொல்லணும், அவளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு சொல்லணும்னாரு. குளிக்கும்போது சத்தமா சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தாரும்மா. 'சார், என் கை போச்சு. அவ நல்லா போட்டா, நான்தான் கெடுத்தேன்.' கதவுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். மூணாவது தடவை சொல்லும்போது குரல் உடையாம சொல்லிட்டாரு."

நான் செருப்பைக் கழற்றாமலே நின்றேன்.

"நீ போயிட்டன்னு தெரிஞ்சதும் தலையைக்கூடத் துவட்டாம ஓடினாரு."

"எனக்குத் தெரியாது அண்ணி."

"உனக்கு எப்படித் தெரியும். உன்னைக் குறை சொல்லல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா அவருக்கு அது ஒண்ணுதான் மிச்சம் இருந்தது" என்றாள். பிறகு என் தோளைத் தொட்டு, டீ கொண்டுபோகச் சொன்னாள்.

அண்ணன் ஜன்னல் பக்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கிளாஸை இடது கையில் வாங்கிக்கொண்டான். மறைக்கவில்லை, வலது கையால் வாங்குவது போல நடிக்கவும் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்தேன். எதற்கென்று கேட்பது? சொன்னதற்கா? சொன்னது தப்பில்லை. ஒரு படி முன்னால் போய்விட்டதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

"வேன் எங்க?" என்றான்.

"ஸ்டாண்டுல நிக்குது. சக்கரம் கழட்டியாச்சு."

"யாரு பாக்கறா?"

"நான்தான்னு முதலாளி சொன்னாரு."

தலையை ஆட்டினான். "மடங்கின சுத்து ரெண்டையும் முதல்ல இடுக்கியால நிமித்திக்க. இல்லன்னா எடுக்கும்போது மிச்ச மரையையும் கீறிடும்."

"சரி அண்ணா."

"டார்க் ரெஞ்ச் பெட்டில ஒரு அளவு அட்டை இருக்கும், பாத்து வை. கையை நம்பாத."

"நீயும் வந்து பக்கத்துல நில்லேன் அண்ணா."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எதிர்வீட்டில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. வேறு நாளாக இருந்தால் இங்கிருந்தே என்ன கோளாறு என்று கத்திச் சொல்லியிருப்பான்.

"வேணாம் படிப்ஸ்" என்றான்.

கிளாஸை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். முதுகு குலுங்கியது. நான் நின்றுகொண்டே இருந்தேன். தொடலாமா என்று தெரியவில்லை. தொடாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

நாளை வேலை: பள்ளிக்கூட வேன், வலது முன்சக்கரம், பிரேக் பிராக்கெட், மேல் போல்ட். மடங்கிய சுற்றுகளை இடுக்கியால் நிமிர்த்த வேண்டும். எடுக்கும் கருவியின் கத்தி முனையைச் சுருளின் வாய் முனையிலிருந்து கால் சுற்றுத் தள்ளி வைத்து, லேசாகத் தட்டி, அழுத்தம் விடாமல் இடப்பக்கம் திருப்பி எடுக்க வேண்டும். ஓட்டையைக் கழுவி, சுருளைப் பிடிக்கும் வெளிமரை கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கெட்டிருந்தால் நிறுத்திவிட்டு முதலாளியைக் கூப்பிட வேண்டும், அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டியிருக்கும். நன்றாக இருந்தால் புதுச் சுருளை இறக்கி, வாலை உடைத்து எடுக்க வேண்டும். போல்ட் புதியது, சரியான நீளம். அட்டையில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். இடது சக்கரத்தையும் கழற்றி, அதையும் சரிபார்க்க வேண்டும்.